தஞ்சோங் துவான்: ஒரு கடல்முனையின் நிலமும் பறவைகளும் வரலாறும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் நகருக்குத் தெற்கே பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், காடு போர்த்த குன்று ஒன்று மலாக்கா நீரிணைக்குள் நீண்டு நிற்கிறது. மலாய் மொழியில் இது தஞ்சோங் துவான் எனப்படும். ‘தஞ்சோங்’ என்பது கடலுள் நீண்ட நிலமுனையையும், ‘துவான்’ என்பது தலைவனையும் குறிக்கும். தோட்டப்புறத் தமிழில் ‘துரை’ என்ற சொல் வழங்கிய இடங்களில் மலாயில் வழங்கியது இச்சொல்லே. போர்த்துகீசியர் இம்முனைக்கு இட்ட பெயர் காபோ ரச்சாடோ, அதாவது பிளந்த முனை. ஆங்கிலேயரும் அதனையே சிறிது மாற்றிக் கேப் ரச்சாடோ என வழங்கினர். மலாய்ப்பெயர் ஒரு மனிதனை நினைவூட்ட, போர்த்துகீசியப் பெயரோ பாறையின் தோற்றத்தைச் சொல்கிறது. பிந்தையது கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தவர்கள் இட்ட பெயர் என்பதில் ஐயமில்லை.

இம்முனையைப் பற்றி எழுதுவோர் இதன் போர் வரலாற்றைத் தனியாகவும் பறவைகளைத் தனியாகவும் எழுதுவது வழக்கம். முன்னது வரலாற்றாசிரியரின் துறை, பின்னது இயற்கை ஆர்வலரின் துறை என்னும் பிரிவினையே இதற்குக் காரணமாகலாம். ஆயின், பறவையையும் கப்பலையும் இங்கு அழைத்து வந்த காரணம் ஒன்றே என்பது நம் கருத்து. நீரிணை குறுகும் இடங்களுள் இது ஒன்று. எதிர்க்கரையில் சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவு ஏறக்குறைய 38 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. தாழ்ந்த சேற்றுக் கரைகளும் அலையாத்திக் காடுகளும் மிகுந்த மேற்குக் கடற்கரையில், தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலப்படும் உயர்நிலம் அரிது. கடலைக் கடந்து வருவோர் எவராயினும் அவர் கண்ணில் முதலில் படுவது இத்தகைய முனையே.

நிலமும் திணையும்

படிகக்கல் மிகுந்த, உருமாறிய பழம்பாறைகளால் ஆன குன்று இது. அலைகள் மோதும் அடிவாரத்தில் பாறை செங்குத்தாக வெட்டுண்டு நிற்கிறது. வெட்டுகளுக்கு இடையே சிறு சிறு மணற்குடாக்கள் ஒதுங்கியுள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பெரும்பாலும் விடியற்கு முன், நீரிணையைக் கடந்து வந்து கரையைத் தாக்கும் திடீர்ப் புயல்களை மாலுமிகள் ‘சுமத்திரா’ என்றே அழைப்பர். அப்புயல்களை முகம்கொடுத்து ஏற்கும் பகுதி இது. கரையோரம் ஓரிடத்தில் பாறையில் உள்ள பள்ளத்தை மலாய் மக்கள் ஹங் துவாவின் காலடி எனப் போற்றுகின்றனர். வீரனின் காலடி பாறையில் பதிந்தது என்னும் நம்பிக்கை நமக்கும் புதியதன்று.

தமிழாசிரியர் கண்ணோட்டத்தில் இந்நிலம் ஒரு சுவையான சிக்கலைத் தருகிறது. குன்றும் காடும் குரங்கும் குறிஞ்சிக்கு உரியன. மணலும் கடலும் நெய்தலுக்கு உரியன. இங்கு இரண்டும் நூறு அடி இடைவெளிகூட இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. உச்சிக் கிளையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் குரங்கு தளிர் தின்கிறது. அதற்கு நேர்கீழே நண்டுகள் பாறையிடுக்கில் ஊர்கின்றன. திணைமயக்கம் என்னும் கருத்தை வகுப்பில் விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில் எளிதில் கிடைக்காது.

நெய்தல் திணையைக் கற்பிக்கும்போது புன்னை, தாழை, கண்டல் ஆகிய பெயர்களை மாணவர் மனனம் செய்கின்றனர். அவை தமிழகத்துக் கடற்கரைக்கே உரியவை என்ற எண்ணமும் அவர்களிடம் படிந்துவிடுகிறது. மலேசியக் கடற்கரைகளில் பெனாகா லாவுட் என மலாயில் வழங்கும் மரமே புன்னை. மெங்குவாங் எனப்படுவது தாழையின் இனம். பாக்காவ் என்னும் அலையாத்தி மரமே கண்டல். தேர்வுத்தாளில் புன்னையைக் கருப்பொருளாக எழுதும் மாணவன், பள்ளிச் சுற்றுலாவில் அதே மரத்தின் நிழலில் அமர்ந்து உணவுண்டும் அதனை அறியாமல் வீடு திரும்புகிறான். இது மாணவனின் குறையன்று; பாடத்தையும் நிலத்தையும் இணைக்கும் எழுத்து நம்மிடம் குறைவு என்பதே உண்மை.

தேன்பருந்தின் வழி

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சிறப்பாக மார்ச் மாதத்தின் முற்பாதியில், ஆயிரக்கணக்கான பருந்தினப் பறவைகள் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து இம்முனையை அடைகின்றன. அவற்றுள் பெரும்பான்மையானது தேன்பருந்து. கொண்டையுடைய சிறிய கருப்பு வெள்ளைப் பருந்தும் வல்லூறு இனங்கள் சிலவும் உடன்வரும். 2000ஆம் ஆண்டு முதல் மலேசிய இயற்கைக் கழகம் இப்பறவைகளைக் காணவும் எண்ணவும் பொதுமக்களைக் கூட்டி நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியது.

பறவைகள் இவ்விடத்தைத் தெரிந்துகொண்டதன் காரணம் காற்றில் உள்ளது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, வெப்பக்காற்று தூண்போல் மேலெழும். அகன்ற சிறகுடைய பருந்து அத்தூணுக்குள் வட்டமிட்டே உயரம் பெற்று, பின்னர் சிறகசைக்காமல் அடுத்த தூண் வரை சறுக்கிச் செல்லும். இம்முறையில் அதற்கு ஆற்றல் செலவு மிகக் குறைவு. கடற்பரப்பு நிலத்தைப்போல் விரைவில் சூடாவதில்லை. ஆகவே நீரின் மேல் அத்தூண்கள் வலுவிழக்கின்றன. பறவை சிறகடித்தே பறக்க வேண்டியதாகிறது. கடலின் அகலம் குறைந்த வழியைப் பறவைகள் நாடுவது இதனாலேயே. முனையை நெருங்கும்போது களைத்த பறவை மிகத் தாழ்வாக, சில வேளைகளில் மரவுச்சிக்குச் சற்று மேலாகவே வரும். குன்றின் மேல் வெப்பக்காற்று கிடைத்தவுடன் சுழன்று சுழன்று ஏறி, சில நிமிடங்களில் கண்ணுக்கு எட்டாத உயரம் சென்றுவிடும். இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கிச் செல்லும்போது இத்தாழ்வான காட்சி கிடைப்பதில்லை. அப்போது அவை நிலத்தின் மேல் பெற்ற உயரத்தோடு கடலுக்குள் நுழைகின்றன.

இப்பறவைகளுள் சில எவ்வளவு தொலைவு செல்கின்றன என்பதை ஜப்பானியப் பறவையியலாளர் ஹிரோயோஷி ஹிகுச்சி குழுவினர் செயற்கைக்கோள் வழித் தொடர்ந்து கண்டறிந்தனர். நடு ஜப்பானில் இனப்பெருக்கம் செய்யும் தேன்பருந்துகள் இலையுதிர் காலத்தில் கிழக்குச் சீனக் கடலைக் கடந்து, சீனாவின் வழியாக மலாய்த் தீபகற்பத்தில் இறங்கி, சுமத்திராவை அடைகின்றன. அங்கிருந்து சில சாவகத்துக்கும், வேறு சில போர்னியோவுக்கும் பிலிப்பைன்சுக்கும் செல்கின்றன. ஒருவழிப் பயணமே பத்தாயிரம் கிலோமீட்டர் அளவினது. வசந்தத்தில் மீளும்போது அவை கிழக்குச் சீனக் கடலை நேரே கடப்பதில்லை. வடக்கே கொரியா வரை சென்று சுற்றியே ஜப்பானை அடைகின்றன. போகும் வழி ஒன்று, வரும் வழி மற்றொன்று என்றாலும் மலாய்த் தீபகற்பம் இரண்டிலும் இடம்பெறுகிறது.

தமிழகத்திலும் தேன்பருந்து உண்டு. ஆயின் அங்குள்ளது இந்தியத் துணைக்கண்டத்திலேயே தங்கி வாழும் கிளையினம். தஞ்சோங் துவானில் நாம் காண்பது வலசை வரும் கிழக்காசியக் கிளையினம். தேன்பருந்து என்ற பெயரை ‘தேன் உண்பது’ எனப் பொருள்கொள்வதில் சிறு திருத்தம் தேவை. இது பெரிதும் நாடுவது தேனடையினுள் இருக்கும் புழுக்களையே. கண்ணையும் அலகையும் சுற்றிச் செதில்போல் அடர்ந்த சிறு இறகுகள் கொட்டிலிருந்து அதனைக் காக்கின்றன.

கப்பல்களின் வழி

காற்றையும் கரையையும் நோக்கி வழிதெரிந்தவை பறவைகள் மட்டுமல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்கு வந்த வணிகக் கப்பல்கள் நீரிணையின் மணல்திட்டுகளைக் கடந்து, இன்று ஜுக்ரா எனப்படும் குன்றை அடையாளம் கண்டு, பின் கரையோரமாகத் தெற்கு நோக்கின. அப்போது இடப்புறம் தோன்றும் அடுத்த பெரும் அடையாளம் இம்முனையே. இதனைக் கடந்தால் மலாக்கா சுமார் 50 கிலோமீட்டர். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய காலத்தில் அங்கு தமிழ் வணிகர் செல்வாக்குடன் இருந்ததை வரலாறு கற்பிப்போர் அறிவர். நைனா சத்து என்பார் அவ்வாட்சியில் பெண்டஹாரா பதவியையே வகித்தார். அவ்வணிகர்தம் மாலுமிகள் இம்முனையை எப்பெயரால் அழைத்தனர் என்பதை அறிய எந்தத் தமிழ்ப் பதிவும் நம் கைக்கு எட்டவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

இம்முனையை உலக வரலாற்றில் இடம்பெறச் செய்தது 1606ஆம் ஆண்டு ஆகஸ்டுப் போர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் கோர்னெலிஸ் மாத்தலிஃப் 11 கப்பல்களுடன் வந்து, ஜொகூருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, மலாக்காவை முற்றுகையிட்டிருந்தார். முற்றுகையை உடைக்கக் கோவாவின் அரசப் பிரதிநிதி மார்த்திம் அஃபோன்சோ தெ காஸ்த்ரோ தாமே பெரும் கடற்படையுடன் வந்தார். மாத்தலிஃப் முற்றுகையை விட்டு வடக்கே திரும்பி, இம்முனைக்கு எதிரில் அவரைச் சந்தித்தார். ஆகஸ்டு 16 முதல் 18 வரை போர் நிகழ்ந்தது. டச்சுக்காரர் தொலைவில் நின்று பீரங்கியை நம்பினர். போர்த்துகீசியர் நெருங்கி வந்து எதிரிக் கப்பலில் ஏறிப் போரிட முனைந்தனர். கப்பல்கள் ஒன்றோடொன்று சிக்கித் தீப்பற்றின. டச்சுத் தரப்பில் நாசாவ், மிடில்பர்க் என இரண்டும், போர்த்துகீசியத் தரப்பில் இரண்டும் எரிந்து மூழ்கின.

இப்போரில் வென்றவர் யார் என்ற வினா எளிதன்று. முற்றுகை அகன்றது, மலாக்கா தப்பியது. ஆகவே போர்த்துகீசியர் வென்றனர் எனலாம். எனினும் அவ்வாண்டு அக்டோபரிலேயே மாத்தலிஃப் திரும்பி வந்து, மலாக்காவில் எஞ்சியிருந்த போர்த்துகீசியக் கப்பல்களை அழித்தார். நீரிணையில் போர்த்துகீசியரின் கடல்வலிமை அதன்பின் முன்போல் எழவில்லை. 1641இல் டச்சுக்காரரும் ஜொகூரும் சேர்ந்து மலாக்காவைக் கைப்பற்றினர். நாசாவ் கப்பலின் எச்சங்கள் 1995இல் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றைப் போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள லுக்குட் அரும்பொருளகத்தில் காணலாம்.

கலங்கரை விளக்கமும் எல்லையும்

முனையின் உச்சியில் பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் விளக்கேற்றினர் என்பர். இன்று நிற்கும் வெண்ணிற வட்டக்கோபுரம் 1863ஆம் ஆண்டிற்குரியது. கோபுரத்தின் உயரம் 24 மீட்டரே எனினும், குன்றின் உயரமும் சேர்வதால் விளக்கு கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் மேலே ஒளிர்கிறது. இரவில் வரும் கலங்களுக்கு உயர்ந்த மாடத்தில் எரியும் விளக்கு வழிகாட்டியதைப் பெரும்பாணாற்றுப்படை வழி அறிந்த நமக்கு இக்காட்சி அயலானதன்று.

1863 என்ற ஆண்டைத் தனித்துப் பார்த்தல் கூடாது. சிங்கப்பூர் நீரிணையில் 1851இல் ஹோர்ஸ்பர்க் விளக்கும் 1855இல் ராஃபிள்ஸ் விளக்கும் ஏற்றப்பட்டிருந்தன. பின்னதன் கட்டுமானத்தில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு கலந்துள்ளது. அவ்வரிசையில் அடுத்ததே கேப் ரச்சாடோ. அன்று மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாகப் பிரிட்டிஷார் கையில் இருந்தது. அண்டையில் இருந்த சுங்கை ஊஜோங்கில் பிரிட்டிஷ் மேலாட்சி 1874இல்தான் தொடங்கியது. நெகிரி செம்பிலான் மாநிலத்தால் சூழப்பட்ட இச்சிறு நிலம் இன்றும் மலாக்கா மாநிலத்தின் பகுதியாக விளங்குவதை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என நாம் கருதுகிறோம். விளக்கைக் காத்தவர் எவரோ, நிலமும் அவருடையதாயிற்று.

இந்த விந்தையான எல்லை காட்டிற்கு நன்மையா தீமையா என்பது ஆராயத்தக்கது. ஏறக்குறைய 80 ஹெக்டேர் பரப்புள்ள இக்காடு 1921இல் ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பும் விளக்குக்கான தேவையும் இல்லாதிருந்தால், சுற்றிலும் எழுந்த தங்கும் விடுதிகள் குன்றின் மேலும் ஏறியிருக்கும் என எண்ண இடமுண்டு. ஆயின் காடு மலாக்காவுடையது. அதன் வாயிலுக்கு வரும் சாலையும் விடுதிகளும் நெகிரி செம்பிலானைச் சார்ந்தவை. காட்டின் விளிம்பில் நிகழும் மாற்றத்தைக் காட்டுக்கு உரியவர் தடுக்க இயலாது. 80 ஹெக்டேர் என்பது ஒரு நடுத்தரத் தோட்டத்தின் சில பிரிவுகளின் அளவே. லோத்தோங் கூட்டம் வேறு காட்டுக்குச் செல்ல மரவழி இல்லை. 38 கிலோமீட்டர் சிறகடித்து வந்து மழையில் சிக்கிய பருந்துக்கோ, இறங்கி இளைப்பாற இக்கரையில் வேறு காடு எளிதில் வாய்க்காது.

மாணவரை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்கள் மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்தல் நலம். விடியற்காலையில் சென்று பயனில்லை. பறவைகள் கரையை அடைவது பெரும்பாலும் முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையிலேயே. வாயிலிலிருந்து விளக்கம் வரை சாலை ஏற்றமானது. குடிநீர் எடுத்துச் செல்ல வேண்டும். குரங்குகளின் முன் உணவுப் பொட்டலத்தைப் பிரித்தல் கூடாது. மேலே சென்றபின் மேற்கு நோக்கி, வானத்தின் உச்சியைப் பார்க்காமல், கடலும் வானும் சேரும் கோட்டுக்குச் சற்று மேலே பார்க்கச் சொல்ல வேண்டும். பறவை அங்கேதான் முதலில் ஒரு கரும்புள்ளியாகத் தோன்றும்.