யாருடைய நாளையைக் கணிக்கிறோம்? பெரம்பலூர், அரியலூரில் தொழில்நுட்ப முன்கணிப்பும் நிலமற்றோரும்

இன்றைய அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம் பகுதியில் நிலத்துக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதைத் தோண்டி அனல் மின் நிலையம் அமைக்கலாம் என்ற எதிர்பார்ப்பில், 1990-களின் பிற்பகுதியில் 13 கிராமங்களில் எட்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கையகப்படுத்தும் பணியை அரசு தொடங்கியது. நிலக்கரி தோண்டப்படவில்லை. மின் நிலையமும் எழவில்லை. இழப்பீடு போதாது என்று நில உடைமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினர். இறுதியில், கால் நூற்றாண்டை எட்டும் வேளையில், நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது.

நிலம் வைத்திருந்தவர்களுக்கு நிலம் திரும்புகிறது. அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்களுக்கு என்ன திரும்பியது? உடைமை உறுதியில்லாத நிலத்தில் கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ எவரும் எளிதில் துணியமாட்டார்கள். முதலீடு குறையும் இடத்தில் கூலி நாட்களும் குறையும். சேரியிலிருந்து களையெடுக்கச் சென்ற பெண் இழந்த அந்த நாட்களுக்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இடம் இல்லை.

ஜெயங்கொண்டத்தில் நடந்தது வெறும் நிர்வாகத் தாமதமாகவே பேசப்படுகிறது. அதன் வேரில் இருப்பது தவறிப்போன ஒரு முன்கணிப்பு. எந்த எரிபொருள், எந்த விலையில், எந்தத் தொழில்நுட்பத்தால், எத்தனை ஆண்டுகளுக்கு மின்சாரம் தரும் என்ற கேள்விகளுக்கு ஒரே விடையை மட்டும் வைத்துக்கொண்டு நிலம் எடுக்கப்பட்டது. அரசின் ஒவ்வொரு பெருந்திட்டமும் இப்படி எதிர்காலத்தின் மீது வைக்கப்படும் பந்தயமே. பந்தயம் தோற்றால் யார் இழப்பார்கள் என்பது முன்கூட்டியே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

முன்கணிப்பின் கருவிகள்

வரவிருக்கும் தொழில்நுட்பங்களை முன்னுணர்ந்து கொள்கை வகுக்க உலகெங்கும் சில முறைகள் பயன்படுத்தப்படுகின்றன. எந்த முறையும் ஆரூடம் சொல்வதில்லை. நிச்சயமின்மையை ஒழுங்காகக் கையாளக் கற்றுத்தருவதே அவற்றின் பணி.

முதலாவது டெல்ஃபி முறை. 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவானது. ஒரு துறையின் வல்லுநர்களிடம் தனித்தனியே வினாப்பட்டியல் அளிக்கப்படும். பெயர் மறைக்கப்பட்ட அவர்களது விடைகள் தொகுக்கப்பட்டு மீண்டும் அவர்களிடமே வரும். பிறர் கருத்தைக் கண்டபின் தம் விடையை அவர்கள் திருத்தலாம். சில சுற்றுகளில் கருத்து எங்கே ஒன்றுபடுகிறது, எங்கே பிளவுபடுகிறது என்பது புலப்படும். ஜப்பான் 1971 முதல் தேசிய அளவில் இம்முறையைப் பயன்படுத்தி வருகிறது.

இரண்டாவது அடிவானக் கண்காணிப்பு. தொலைவில் தென்படும் சிறு அறிகுறிகளைத் தொடர்ந்து திரட்டும் முறை இது. இதன் தேவையைப் பெரம்பலூர் மக்காச்சோள விவசாயம் நன்கறியும். அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2016-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. 2018-இல் கர்நாடகத்தில் தென்பட்டது. அதே ஆண்டில் பெரம்பலூர், அரியலூர் வயல்களில் மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தது. இரண்டு ஆண்டு முன்னறிவிப்பு இருந்தது. அது வயலுக்கு வந்து சேர்ந்தது புழுவோடுதான்.

மூன்றாவது எதிர்காலக் காட்சிகளை அமைத்தல். ஒரே கணிப்பை நம்பாமல், நிகழக்கூடிய மூன்று நான்கு எதிர்காலங்களை விரிவாக எழுதி, ஒவ்வொன்றிலும் இன்றைய முடிவு தாங்குமா என்று சோதிப்பது. ஷெல் எண்ணெய் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் இதைப் பயன்படுத்தி, 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறரைவிட ஆயத்தமாக இருந்தது.

நான்காவது பின்னோக்கித் திட்டமிடல். நாம் விரும்பும் எதிர்காலத்தை முதலில் வரையறுத்து, அங்கிருந்து இன்றுவரை பின்னோக்கி நடந்து, எந்த ஆண்டில் எதைச் செய்தாக வேண்டும் என்று கணக்கிடுவது. முந்தைய மூன்றும் ‘என்ன நடக்கும்’ என்று கேட்க, இது ‘என்ன நடக்க வேண்டும்’ என்று கேட்கிறது.

அறைக்குள் இருந்தவர்கள்

இந்தியாவிலும் இந்த முயற்சி நடந்தது. 1988-இல் நிறுவப்பட்ட தொழில்நுட்பத் தகவல், முன்கணிப்பு, மதிப்பீட்டு மன்றமான டிஃபாக், ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தலைமையில் ‘தொழில்நுட்பத் தொலைநோக்கு 2020’ ஆவணங்களை 1996-இல் வெளியிட்டது. 2016-இல் ‘தொலைநோக்கு 2035’ வந்தது. அறிவியலாளர்கள், தொழிலதிபர்கள், அதிகாரிகள் எனப் பெருந்திரளான வல்லுநர்களின் கருத்துகள் அவற்றில் திரட்டப்பட்டன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. டெல்ஃபி முறையின் வலிமை முழுவதும் ‘யார் வல்லுநர்’ என்ற தேர்வில் அடங்கியிருக்கிறது. பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் தொழில் கூட்டமைப்புகளும் நூற்றாண்டுகளாக எவருக்குத் திறந்திருந்தனவோ, வல்லுநர் பட்டியலும் பெரும்பாலும் அவர்களைக் கொண்டே அமையும். பெயரை மறைப்பதால் பதவியின் செல்வாக்கு குறையலாம்; அறைக்குள் வராதவரின் குரல் அதனால் கேட்டுவிடாது. சிமெண்ட் மூட்டை சுமப்பவருக்குச் சிமெண்ட் ஆலையின் எதிர்காலம் பற்றித் தெரிந்ததும், பருத்தி எடுக்கும் பெண்ணுக்கு எந்த வேலையை இயந்திரம் பறிக்கும் என்று தெரிந்ததும் ‘அனுபவம்’ எனப்படுமே தவிர ‘வல்லமை’ எனப்படுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அரியலூர் மாவட்டத்தில் 23 விழுக்காடு. பெரம்பலூரில் 31 விழுக்காடு. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தலித்தாக இருக்கும் மாவட்டத்தின் எதிர்காலத்தை அவர்களில் ஒருவரும் இல்லாத குழு கணித்தால், அது அறத்தில் மட்டும் பிழையன்று; கணிப்பாகவும் குறையுடையது.

சட்டத்தில் இருந்த ஒரே சாளரம்

ஜெயங்கொண்டத்தில் நிலம் எடுக்கத் தொடங்கிய காலத்தில் நடைமுறையில் இருந்தது 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். அதன் பார்வையில் இழப்பு என்பது நிலத்தில் உரிமை உடையவரின் இழப்பு. 2013-இல் வந்த புதிய சட்டம் இதை மாற்றியது. மூன்று ஆண்டுகளாக அப்பகுதியில் உழைத்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பமும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ ஆனது. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் ஆனது. ஒரு திட்டத்தால் யார் என்ன இழப்பார்கள் என்று முன்கூட்டியே, ஊராட்சியைக் கலந்து, எழுத்தில் பதிய வைக்கும் இந்த மதிப்பீடும் ஒரு முன்கணிப்பு முறைதான். சட்ட வலிமையோடு நிலமற்றோரைக் கணக்கில் எடுத்த முறை அது.

தமிழ்நாடு அந்தச் சாளரத்தை மூடியது. தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு மதிப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கும் திருத்தம் கொண்டுவரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் தந்த தீர்ப்பு இவ்விலக்கைத் தகர்த்தது. அதே ஆண்டில் மாநில அரசு புதுச் சட்டம் இயற்றி அச்சட்டங்களை உயிர்ப்பித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆக, தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போது நிலமற்றவரைக் கணக்கெடுக்கும் சட்டக் கடமை இங்கே இல்லை.

வந்துகொண்டிருக்கும் இரண்டு மாற்றங்கள்

இந்த இடைவெளி இனி எங்கே வலிக்கும் என்பதைச் சிமெண்டிலும் காலணியிலும் காணலாம்.

அரியலூர் சுண்ணாம்புக்கல்லின் நிலம். அரசின் டான்செம் ஆலையும் பல தனியார் ஆலைகளும் அதை நம்பி இயங்குகின்றன. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. அதில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து அன்றி, சூளையில் சிதையும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வெளிப்படுகிறது. எனவே தொழில்நுட்பம் மாறியே தீரும். சுட்ட களிமண்ணைக் கலந்து கிளிங்கரின் அளவைப் பாதியாகக் குறைக்கும் புதுவகைச் சிமெண்டைச் சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.க்களும் இணைந்து உருவாக்கியுள்ளன. அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் அமைப்பை நிறுவப்போவதாக டால்மியா சிமெண்ட் 2019-இல் அறிவித்தது. சூழலுக்கு இவை நல்ல செய்திகள். ஆனால் கிளிங்கர் குறைந்தால் சுரங்க வேலை எவ்வளவு குறையும்? வாயுவைப் பிடிக்கும் அமைப்பில் வேதிப்பொறியாளருக்கு இடம் உண்டு. ஒப்பந்தச் சுமை தொழிலாளியின் மகளுக்கு அங்கே இடம் கிடைக்க இன்று எந்தப் படிப்பு தரப்பட வேண்டும்?

அடுத்தது காலணி. பெரம்பலூர் மாவட்டம் எறையூர், திருமாந்துறைப் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கெனப் பெறப்பட்ட ஏறத்தாழ 3,000 ஏக்கரின் பெரும்பகுதி பல்லாண்டுகள் ஆலைகளின்றிக் கிடந்தது. பின்னர் எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் காலணிப் பூங்கா திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் தோல் அல்லாத காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 வேலைகள் என்று அறிவிக்கப்பட்டது.

இந்த வேலைகள் தேவையானவை. தோல் வேலையை இழிதொழிலாக்கி ஒரு சாதியின் தலையில் கட்டிய சமூகத்தில், எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே கூடத்தில் காலணி தைப்பது சிறிய மாற்றமன்று. ஆனால் இதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்காலங்கள் உண்டு. அடிடாஸ் நிறுவனம் ஜெர்மனியின் அன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரோபோக்களைக் கொண்ட காலணி ஆலைகளை அமைத்தது. 2020-இல் இரண்டையும் மூடி, அத்தொழில்நுட்பத்தை ஆசியாவில் உள்ள தன் உற்பத்தியாளர்களிடம் கொண்டு செல்லப்போவதாகக் கூறியது. இதை ‘மனிதக் கைகளை ரோபோ வெல்லவில்லை’ என்றும் படிக்கலாம். ‘ரோபோ ஆசியாவை நோக்கிப் புறப்பட்டுவிட்டது’ என்றும் படிக்கலாம். எதிர்காலக் காட்சிகளை அமைக்கும் முறை இரண்டையும் எழுதி வைக்கச் சொல்லும். பத்தாண்டில் 15,000 என்பது 5,000 ஆனால் முதலில் வெளியேற்றப்படுவது யார்? பணிமூப்பு இல்லாத, ஒப்பந்தத்தில் சேர்ந்த முதல் தலைமுறைத் தொழிலாளர்களா?

சேரியும் கணிக்கும்

எளிய மக்களால் இத்தகைய சிக்கலான விவாதத்தில் பங்கேற்க இயலுமா என்ற ஐயத்துக்கு விடை ஏற்கெனவே கிடைத்துள்ளது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் ‘விஷன் 2020’ திட்டம் இயந்திரமயமான வேளாண்மையையும், நிலத்தை நம்பி வாழ்வோரின் விழுக்காட்டைப் பெருமளவு குறைப்பதையும் முன்வைத்தது. 2001-இல் மேதக் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் ‘பிரஜா தீர்ப்பு’ என்ற மக்கள் நடுவர் மன்றம் கூடியது. சிறு, குறு விவசாயிகளே அதன் நடுவர்கள். பெரும்பாலோர் பெண்கள், தலித்துகளும் பழங்குடியினரும் அவர்களில் இருந்தனர். மூன்று மாற்று எதிர்காலங்கள் காணொளிகளாகக் காட்டப்பட்டன. அதிகாரிகள், நிறுவனங்கள், அறிவியலாளர்கள் ஆகியோர் சாட்சியம் அளித்தனர். நடுவர்கள் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்தனர். இறுதியில் அரசின் தொலைநோக்கை மறுத்து, தாம் விரும்பும் எதிர்காலத்தைத் தாமே வகுத்துச் சொன்னார்கள். நிலத்திலிருந்து வெளியேறுபவருக்கு மாற்று வேலை எங்கே என்ற அவர்களது கேள்வி, எந்த வல்லுநர் அறிக்கையிலும் இருந்திருக்க வேண்டிய கேள்வி.

இது நம் மரபுக்கும் புதிதன்று. இந்தியாவின் சிறு நிலவுடைமை குறித்து 1918-இல் எழுதிய கட்டுரையில், வேளாண்மையில் தேங்கிய உழைப்பைத் தொழில்மயமே உள்வாங்கும் என்று அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். 1942 முதல் 1946 வரை வைசிராய் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, நீருக்கும் மின்சாரத்துக்கும் நெடுநோக்குத் திட்டங்களை வகுத்தார்; பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பெறவும் வழி செய்தார். தொழில்நுட்பத்தையும் அதை ஆளும் கல்வியையும் ஒருசேரக் கேட்டதே அவர் காட்டிய வழி.

கேட்க வேண்டியவை

முதலாவதாக, எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கப்பட்டாலும் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்தப்பட வேண்டும். நிலமற்ற தொழிலாளர் குடும்பங்களின் பட்டியல் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தடையன்று. அரசு விரும்பினால் போதும்.

இரண்டாவதாக, தொழில்நுட்பம் குறித்து அரசு அமைக்கும் ஒவ்வொரு வல்லுநர் குழுவிலும் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். குழுவின் சமூக, பாலினச் சேர்க்கை வெளியிடப்பட வேண்டும்.

மூன்றாவதாக, சுரங்க மாவட்டமான அரியலூரில் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. திறன் பயிற்சிக்கும் வாழ்வாதாரத்துக்கும் அதைச் செலவிட விதிகளில் வழி உண்டு. 2035-இல் சிமெண்ட், காலணித் தொழில்களில் தலித் இளைஞர்கள் எந்தப் பணிகளில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி இந்நிதியைத் திட்டமிடலாம்.

நான்காவதாக, ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் ‘இக்கணிப்பு தவறினால்’ என்றொரு பகுதி இருக்க வேண்டும். யாருக்கு என்ன இழப்பு, அதை யார் ஈடுசெய்வார் என்பது அடிக்கல் நாட்டும் முன்பே அதில் எழுதப்பட வேண்டும்.

ஜெயங்கொண்டத்தில் இந்த நான்காவது பகுதி இருந்திருந்தால், களையெடுக்கச் சென்ற பெண்ணின் கூலி நாட்கள் ஏதேனும் ஒரு தாளில் எண்ணப்பட்டிருக்கும். அதே ஊரின் சிப்காட் ஆலைக்குள் அவருடைய பேத்தி இனி வேலைக்குச் செல்லக்கூடும். அந்த வேலை எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று இப்போதே கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.