விரும்பிய பாடசாலை, வெறுமையாகும் அணி: மினசோட்டா ஹொக்கி தரும் பாடம்

பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? பெற்றோருக்கா, வீடு இருக்கும் பிரதேசத்துக்கா, அரசாங்கத்துக்கா? முதலாம் தர அனுமதிக் காலத்திலும், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் காலத்திலும் நமது வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் இதற்கு 1988ஆம் ஆண்டிலேயே ஒரு தெளிவான விடையைச் சட்டமாக்கியது. உரிமை பெற்றோருக்கே என்பதே அந்த விடை.

அந்தச் சட்டம் வகுப்பறையில் ஏற்படுத்திய விளைவுகள் பற்றி நிறையவே பேசப்பட்டிருக்கின்றன. ஆனால் அதே சட்டம் விளையாட்டில், குறிப்பாக அந்த மாநில மக்கள் உயிராக நேசிக்கும் ஹொக்கியில் ஏற்படுத்திய விளைவு தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு மாணவன் பாடசாலை மாறும்போது அவன் விட்டுச் செல்லும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை வகுப்பறையை விட விளையாட்டு அணி வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது.

ஹொக்கி என்றதும் நமக்கு மாத்தளைதான் ஞாபகத்துக்கு வரும். மினசோட்டாவில் ஆடப்படுவது அந்த ஹொக்கி அல்ல. பனிக்கட்டித் தளத்தில், சறுக்குச் சப்பாத்து அணிந்து, பந்துக்குப் பதிலாக ஒரு றப்பர் வட்டை அடித்து ஆடும் ஐஸ் ஹொக்கி. ஒரு நேரத்தில் கோல் காப்பாளர் உட்பட ஓர் அணியில் ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். ஆனால் ஆட்டம் மிக வேகமானது. நிமிடத்துக்கு நிமிடம் வீரர்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஒரு பாடசாலை ஒழுங்கான அணியொன்றை வைத்திருக்க ஏறத்தாழ இருபது பிள்ளைகள் தேவை.

ஊருக்கு ஓர் அணி

மினசோட்டா ஹொக்கியின் அடித்தளம் ஊர். சிறுவயதில் பிள்ளைகள் ஊர்ச் சங்கத்தில் சேர்ந்து ஆடுவார்கள். சங்கத்தை நடத்துவோரில் பெரும்பாலானவர்கள் பெற்றோர்களே. பயிற்றுவிப்பது, பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, பணம் சேர்ப்பது எல்லாம் அவர்களின் உழைப்பு. பதினான்கு வயது வரை ஒன்றாக ஆடிய அதே பிள்ளைகள் பின்னர் ஊர் உயர்நிலைப் பாடசாலையின் அணியாக மாறுவார்கள். மாநிலப் பாடசாலைகளுக்கான சுற்றுப்போட்டி 1945இல் ஆரம்பமானது. இன்று அது சென்ட் போல் நகரில் சுமார் 18,000 பேர் அமரக்கூடிய அரங்கில் நடக்கும் பெருவிழா.

அந்த முதலாவது போட்டியில் வென்றது எவலெத் என்ற சிறிய இரும்புச் சுரங்க நகரம். 1948 முதல் 1951 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அதே நகரமே சம்பியன். கனடா எல்லையை அண்டியுள்ள ரோசோ, வோரோட் என்ற இரு சிற்றூர்களும் இதேபோலப் பெயர் பெற்றவை. 1980ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனை 4-3 என்ற கணக்கில் வீழ்த்தி உலகை வியக்கவைத்த அமெரிக்க அணியின் 20 வீரர்களில் 12 பேர் மினசோட்டாவைச் சேர்ந்தவர்கள். எவலெத்திலிருந்து மார்க் பவலிச், ரோசோவிலிருந்து நீல் ப்ரோட்டன், வோரோடிலிருந்து டேவ் கிறிஸ்டியன் என மூன்று சிற்றூர்களும் அந்த அணிக்கு வீரர்களைக் கொடுத்தன. பயிற்றுவிப்பாளர் ஹேர்ப் ப்ரூக்ஸும் சென்ட் போல் நகரின் பொதுப் பாடசாலை ஒன்றில் ஆடி, 1955இல் மாநிலச் சம்பியனான அணியில் இருந்தவர்தான்.

1988இன் சட்டம்

ஆளுநர் ரூடி பேர்பிச் முன்வைத்த திட்டத்தின்படி, வசிக்கும் கல்வி மாவட்டத்துக்கு வெளியே உள்ள எந்தப் பொதுப் பாடசாலைக்கும் பெற்றோர் விண்ணப்பிக்கலாம் என்ற சட்டம் 1988இல் நிறைவேறியது. மாநிலம் முழுவதற்குமாக இப்படியொரு சட்டத்தைக் கொண்டுவந்த முதல் அமெரிக்க மாநிலம் மினசோட்டாதான். 1990ஆம் ஆண்டளவில் அது எல்லா மாவட்டங்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. மாணவன் மாறினால் அவனுக்காக மாநிலம் வழங்கும் நிதியும் அவனோடு புதிய மாவட்டத்துக்குப் போகும்.

சட்டத்தை எழுதியவர்கள் அபாயத்தை அறியாதவர்கள் அல்லர். விண்ணப்பிக்கும் மாணவனின் முன்னைய கல்விப் பெறுபேற்றையோ, விளையாட்டுத் திறமையையோ, அங்கவீனத்தையோ, ஆங்கில அறிவையோ பார்த்து அனுமதி வழங்கவும் கூடாது, மறுக்கவும் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நல்ல வீரனைத் தேடிப் பிடித்து அழைப்பதை மாநில உயர்நிலைப் பாடசாலைகள் விளையாட்டுச் சம்மேளனமும் தடைசெய்துள்ளது.

ஆனால் பாடசாலை தேர்ந்தெடுக்கக் கூடாது என்றுதான் விதி இருக்கிறது. பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். நல்ல பயிற்றுவிப்பாளர், சொந்தப் பனித்தளம், வெற்றிப் பாரம்பரியம் உள்ள பாடசாலையை ஒரு தந்தை தன் மகனுக்காகத் தானே தேடிப் போனால் அதைத் தடுக்க எந்த விதியாலும் முடியாது. தடுப்பது நியாயமும் இல்லை.

வேறொரு செலவும் உண்டு. புதிய மாவட்டத்தின் எல்லை வரை பிள்ளையைக் கொண்டுசேர்ப்பது பொதுவாகப் பெற்றோரின் பொறுப்பு. வறிய குடும்பங்களுக்கு உதவி இருந்தாலும், தினமும் காலையும் மாலையும் வாகனம் ஓட்ட நேரமுள்ளவர்களுக்கே இந்த உரிமை முழுமையாகப் பயன்படுகிறது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று. அதைப் பயன்படுத்தும் வசதி எல்லோருக்கும் ஒன்றல்ல.

அணிக்குள் நடப்பது என்ன?

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு சிறிய பாடசாலையில் 22 பிள்ளைகள் ஹொக்கி ஆடுகிறார்கள். அவர்களில் மிகத் திறமையான மூவரும் கோல் காப்பாளரும் பக்கத்துப் பெரிய பாடசாலைக்குப் போகிறார்கள். எண்ணிக்கையில் குறைந்தது நான்கு பேர்தான். ஆனால் அடுத்த பருவத்தில் அந்த அணி பெரும்பாலான போட்டிகளில் தோற்கும். தோற்கும் அணியில் ஆட அடுத்த வருடம் இன்னும் சிலர் விரும்பமாட்டார்கள். கீழ்ப்பிரிவுகளில் ஆடும் சிறுவர்களின் பெற்றோரும் இப்போதே யோசிக்கத் தொடங்குவார்கள். மூன்று நான்கு வருடங்களில் தனித்து ஓர் அணியை அமைக்க முடியாத நிலை வந்துவிடும். பிறகு அயல் பாடசாலையோடு சேர்ந்து கூட்டணி அமைக்க வேண்டியதுதான். 1995இலிருந்தே மாநிலச் சுற்றுப்போட்டி காணும் பெண்கள் ஹொக்கியில் ஆடுவோர் தொகை குறைவு என்பதால், இரண்டு மூன்று பேர் விலகினாலே இந்த நெருக்கடி ஏற்பட்டுவிடும்.

போய்ச் சேரும் பாடசாலையிலும் ஒருவர் பாதிக்கப்படுகிறார். அங்கே ஐந்து வயதிலிருந்து ஊர்ச் சங்கத்தில் ஆடி, பாடசாலை அணியில் இடம் கிடைக்கும் என்று காத்திருந்த நடுத்தரத் திறமையுள்ள பிள்ளை அவன். வெளியிலிருந்து நால்வர் வந்ததும் அவன் பெயர் பட்டியலில் இருக்காது. அவனுடைய பெற்றோர்தான் அத்தனை வருடங்களாக அந்தச் சங்கத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள்.

எல்லாப் பழியும் சட்டத்துக்கல்ல

நீதியாகப் பேசுவதென்றால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரிய புறநகர்ப் பாடசாலைகள் இந்தச் சட்டத்துக்கு முன்பே பலம் பெற்றுவிட்டன. 1969ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் வசதியான புறநகரான இடைனா, சிற்றூர் வோரோடை மேலதிக நேரத்தில் 5-4 என வென்றதை மினசோட்டாவில் இன்றும் பேசுகிறார்கள். அப்போது இந்தச் சட்டம் வர இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தன. எவலெத்தின் அணியைக் கரைத்ததும் பாடசாலைத் தெரிவு மட்டுமல்ல. சுரங்கத் தொழில் சுருங்கி மக்கள் வெளியேறியதே முதற்காரணம். இன்று எவலெத் என்ற பெயரில் தனி உயர்நிலைப் பாடசாலையே இல்லை. அயல் நகரங்களோடு இணைந்துவிட்டது. மினியாபொலிஸ் நகரில் ஒரு காலத்தில் பாடசாலைக்குப் பாடசாலை அணி இருந்தது. இப்போது பல பாடசாலைகள் சேர்ந்த கூட்டணி அணி ஆடுகிறது. அது 2022இல் மாநிலச் சுற்றுப்போட்டிக்குத் தகுதி பெற்றபோது, 1994க்குப் பின்னர் அந்நகரப் பொதுப் பாடசாலை அணியொன்று அங்கு சென்ற முதல் சந்தர்ப்பமாக அது அமைந்தது. குடிப்பெயர்வு, விளையாட்டின் செலவு, தனியார் பாடசாலைகள் எனக் காரணங்கள் பல. பாடசாலைத் தெரிவு இவற்றை உருவாக்கவில்லை. ஏற்கெனவே சரிவில் இருந்ததை வேகப்படுத்தியது.

சரிவு தவிர்க்க முடியாததும் அல்ல. மூவாயிரம் பேர் கூட இல்லாத ரோசோ 2007இல் பெரிய பாடசாலைகளின் பிரிவில் ஆடி மாநிலச் சம்பியனானது. அது அவ்வூரின் ஏழாவது பட்டம். அங்கும் வோரோடிலும் பிள்ளைகளுக்குப் பனித்தளம் தாராளமாகக் கிடைக்கிறது. தன் ஊர் அணியில் ஆடுவதையே பிள்ளை பெருமையாக நினைக்கும் சூழலை ஊர் உருவாக்கி வைத்திருக்கிறது. பிள்ளை தங்குவதற்குக் காரணம் இருந்தால் தங்குகிறான்.

ஒரு வருடக் காத்திருப்பு

விளையாட்டுச் சம்மேளனம் கண்ட தீர்வு கவனிக்கத்தக்கது. 2007-08 பருவத்திலிருந்து அது விதியை இறுக்கியது. தரம் 9இல் முதன்முறை சேரும்போது மாணவன் எந்தப் பாடசாலையையும் தெரிவுசெய்யலாம், உடனே ஆடலாம். அதன் பின்னர் குடும்பம் வீடு மாறாமல் மாணவன் மட்டும் பாடசாலை மாறினால், ஒரு முழு வருடம் பாடசாலையின் முதன்மை அணியில் ஆட முடியாது. படிப்புக்காக மாறுகிறவனுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. கிண்ணத்துக்காக மட்டும் மாறுகிறவன் இரண்டு முறை யோசிப்பான். கதவை மூடாமல் வாசலில் ஒரு படி வைத்தது போன்ற விதி இது.

இதற்கும் பக்க விளைவு உண்டு. தரம் 9க்கு முன்னர் மாறினால் தடையில்லை என்பதால், தீர்மானம் பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு முன்தள்ளப்பட்டது. அந்த வயதில் பிள்ளையின் உயரம்கூட முடிவாகியிருக்காது. குடும்பத்தோடு வீடு மாறினால் தடை இல்லை என்பதும் வசதியுள்ளவர்களுக்கு ஒரு வழிதான். முதலாம் தர அனுமதிக்காக வதிவிடச் சான்றுகளைத் தேடி ஓடிய நம்மவர்களுக்கு இந்த வழி புதிதாகத் தெரியாது.

நமது ஊர்களுக்கு

நமது நாட்டில் மினசோட்டா போன்ற சட்டம் இல்லை. ஆனால் அதே ஓட்டம் இருக்கிறது. நமது ஊர்ப் பாடசாலையில் ஐந்தாம் தரத்தில் நல்ல புள்ளி பெற்ற பிள்ளை நகரத்துப் பாடசாலைக்குப் போகிறது. உதைபந்தாட்டத்தில் கெட்டிக்காரப் பையன் பெயர்பெற்ற பாடசாலைக்குப் போகிறான். "அண்மையிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை" என்று 2016இல் ஒரு தேசிய வேலைத்திட்டமே ஆரம்பிக்கப்பட்டது. பெயர்ப் பலகை மாற்றத்தால் மட்டும் பெற்றோரின் மனம் மாறிவிடாது என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிவோம்.

போகும் பிள்ளையையோ அனுப்பும் பெற்றோரையோ குறைகூற எனக்கு மனமில்லை. பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். அதற்கு இருப்பதில் சிறந்ததைத் தேடுவது பெற்றோரின் கடமை. ஆனால் ஒவ்வொரு பெற்றோரும் தத்தமது கடமையைச் சரியாகச் செய்து முடித்த பிறகும், எஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்கு அணியும் இல்லை, போட்டியும் இல்லை, பயிற்றுவிக்க ஆளும் இல்லை என்றொரு நிலை வரலாம். மினசோட்டா அனுபவம் இதைத்தான் காட்டுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கான பொறுப்பு தனிப்பட்ட எந்தப் பெற்றோருடையதும் அல்ல, அது ஊருடையது. பர்ளு கிபாயா என்ற கருத்தைச் சிறுவயதிலிருந்தே படித்த சமூகம் நாம். சிலர் நிறைவேற்றினால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். ஊர்ப் பாடசாலையின் விளையாட்டையும் அந்த மனப்பாங்கோடு பார்த்தால் என்ன?

செய்யக்கூடிய காரியங்கள் பெரியவை அல்ல. தனித்து அணி அமைக்க முடியாத இரண்டு மூன்று அயல் பாடசாலைகள் வாரத்தில் ஒரு நாளாவது சேர்ந்து பயிற்சி எடுக்கலாம். அதிபர்கள் பேசி முடிவெடுத்தாலே போதும். ஊரில் முன்பு ஆடிய இளைஞர்கள் பலர் மாலை வேளைகளில் சும்மா இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்சிக்கு அழைக்கலாம். மைதானத்தைச் சீர்செய்ய பழைய மாணவர் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து உதவலாம். வெளியே படிக்கும் பிள்ளை விடுமுறையில் வரும்போது ஊர்ப் பிள்ளைகளோடு ஆடும்படி பெற்றோர் சொல்லலாம். பெரிய பாடசாலைகளும் வேறொரு பாடசாலை வளர்த்த வீரனை எடுக்கும்போது, அந்தப் பாடசாலையோடு ஒரு சிநேகபூர்வப் போட்டியாவது ஆடலாம்.

அடுத்த முறை ஒரு கெட்டிக்காரப் பிள்ளை நமது பாடசாலையிலிருந்து விடுகைப் பத்திரம் கேட்டு வரும்போது, துஆச் செய்து அனுப்பிவைப்போம். அன்று மாலையே மைதானத்துக்கும் போய், மிச்சமிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்போம்.