"கேட்டைத் திறங்க... நான் வீட்டுக்குப் போகணும்!"
மாலை 5 மணிக்கு மூட்டை கட்டும் முதியவர்கள்

சென்னை முதியோர் இல்லங்களில் மாலை 5 மணி பொல்லாத நேரம்.

பகல் முழுவதும் சாதுவாக உட்கார்ந்திருந்த பாட்டி திடீரென்று எழுந்திருப்பார். சேலையை மடிப்பார். சீப்பையும் விபூதி டப்பாவையும் துண்டில் முடிவார். கேட் அருகில் வந்து நிற்பார்.

"சீக்கிரம் திறங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்திடும். அடுப்புல ஒண்ணும் வைக்கலை" என்பார்.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது வயது 60!

இது பைத்தியம் அல்ல. பிடிவாதமும் அல்ல. மறதி நோய். டாக்டர்கள் 'டிமென்சியா' என்பார்கள். மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. புது நினைவுகள் முதலில் போகும். பழையவை கடைசி வரை ஒட்டிக் கொண்டிருக்கும். காலையில் இட்லி தின்றது தெரியாது. கல்யாணத்துக்குக் கட்டிய புடவையின் கரை தெரியும்.

88 லட்சம் பேர்

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஆய்வு கூறியது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களை விடப் பெண்களே அதிகம்.

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் இப்போது அடுக்குமாடி வாழ்க்கை. மகனும் மருமகளும் ஆபீசுக்குப் போகிறார்கள். பேரன் வெளிநாட்டில். அம்மா கேஸ் அடுப்பைத் திறந்து விட்டுப் பற்ற வைக்க மறக்கிறார். இரவு 2 மணிக்குத் தாழ்ப்பாளை நீக்கித் தெருவில் இறங்குகிறார்.

கடைசியில் இல்லம்தான் வழி என்று முடிவெடுக்கிறார்கள். அன்றைக்கே பேச்சு கிளம்பும். "பெத்த தாயைக் கொண்டு போய்த் தள்ளிட்டானே, பாவி!"

அப்படிப் பேசுகிற உறவினர் யாரும் இரவு 2 மணிக்கு வந்து கதவைக் காப்பதில்லை.

1978

முதியவர்களுக்கு என்று தனியாக வைத்தியம் வேண்டும் என்பதைச் சென்னை முன்பே உணர்ந்தது. டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-ல் அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் சாவித்திரி வைத்தி, ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக 'விச்ராந்தி' இல்லத்தைத் தொடங்கினார்.

ஆனால் மறதி நோயாளிக்கு எல்லா இல்லமும் ஒத்து வராது. தன் வேலையைத் தானே செய்பவர்களைத்தான் பல இல்லங்கள் சேர்க்கின்றன. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் உருவாக்கிய 'ஸ்கார்ப்' நிறுவனம், இந்த நோய்க்கென்றே 'டெம்கேர்ஸ்' என்ற பிரிவை வைத்திருக்கிறது.

பழைய போர்வை

சேர்க்கப் போகிறீர்களா? காலையில் கூட்டிப் போங்கள். மாலையில் வேண்டாம்.

புதுத் துணி, புதுப் பாத்திரம் எதுவும் வாங்காதீர்கள். பழைய போர்வை, காப்பி குடித்த அதே டவரா, நசுங்கிய டிரான்சிஸ்டர், இவைதான் துணை. அம்மாவுக்கு எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பத் தெரியும், காப்பிக்கு எத்தனை சர்க்கரை, எதற்குப் பயம் என்று ஒரு தாளில் எழுதி ஆயாவிடம் கொடுங்கள். டாக்டர் சீட்டை விட அந்தத் தாள் அதிகம் உதவும்.

முதல் இரண்டு வாரம் வரவே கூடாது என்று சில இல்லங்கள் சொல்கின்றன. அது எல்லோருக்கும் பொருந்தாது. கொஞ்ச நேரம், அதே மணிக்கு வாருங்கள். "நேத்து நான் வந்தேனே, ஞாபகம் இல்லையா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். எண்ணெய் தடவித் தலை வாரி விடுங்கள்.

"வந்ததையே மறந்திடுறாங்க, எதுக்குப் போகணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தினர் நோயாளிகளுக்குச் சோகப் படமும் சிரிப்புப் படமும் காட்டினார்கள். பார்த்த படம் மறந்து போனது. ஆனால் துக்கமும் சந்தோஷமும் மறையவில்லை! 2014-ல் இந்த ஆய்வு வெளியானது.

பொய் சொல்லலாமா?

"அப்பா எங்கே?" என்று அம்மா கேட்கிறார். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு அது புதுச் செய்தி. தினம் ஒரு சாவு. தினம் ஒரு அழுகை!

பெற்ற தாயிடம் பொய் சொல்ல நாக்கு கூசும். அனுபவப்பட்ட ஆயாக்கள் பொய்யும் சொல்வதில்லை, உண்மையையும் சொல்வதில்லை. "ஐயா எப்படிப்பட்டவர், சொல்லுங்க பாட்டி" என்று பேச்சைத் திருப்புகிறார்கள். பாட்டி சொல்ல ஆரம்பித்து விடுவார்.

இன்னொரு விஷயம். பண்டிகைக்கு வீட்டுக்கு அழைத்து வந்தாலும், தன் சொந்தக் கூடத்தில் உட்கார்ந்து கொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பவர்கள் இருக்கிறார்கள். அவர் கேட்பது மயிலாப்பூர் வீட்டை அல்ல. பாவாடை கட்டி ஓடிய பிறந்த வீட்டை. அங்கே கூட்டிப் போக எந்த மகனாலும் முடியாது.

எச்சரிக்கை

கொண்டு விட்டதோடு கடமை முடிந்து விடாது. உடம்பில் கன்றிய தழும்பு, மெலிவு, பகலெல்லாம் மாத்திரைத் தூக்கம் ஆகியவற்றைக் கண்டால் அங்கேயே கேளுங்கள். திடீரென்று குழப்பம் கூடினால் "நோய் முற்றிடுச்சு" என்று விட்டு விடக் கூடாது. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

விட்டு விட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களும் உண்டு. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோரைக் கைவிட்டால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் கிடைக்கலாம். பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தையும் தீர்ப்பாயம் ரத்து செய்ய முடியும்.

கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. யோசனை கேட்க 14567 என்ற இலவச எண்ணில் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.