ஒரு கூரை, ஐந்து அடுப்பு

மலேசியாவில் வாழும் நம் தமிழர்கள் "டிபன் ஆயிற்றா?" என்று கேட்பதில்லை. "பசியாறிவிட்டீர்களா?" என்றுதான் கேட்கிறார்கள். காலை உணவுக்கு அங்கே பசியாறல் என்றே பெயர். சென்ற ஆண்டு பத்து நாள் ஈப்போ நகரில் தங்கியிருந்தபோது, தினம் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து பசியாறினேன். சாப்பிட்டது பாதி, கணக்குப் பார்த்தது பாதி. மளிகைக்காரன் புத்தி எங்கே போனாலும் விடுமா?

அடியேன் அழகர்கோவில் அடிவாரத்தில் வாடகைக் கட்டடத்தில் மளிகைக் கடை நடத்துகிறேன். எங்கள் தாத்தாவின் தம்பி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். அவர் பேரன் எனக்குத் தம்பி முறை. பல வருடமாக அழைத்தும் போகவில்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்த பிறகுதான் துணிந்து திருச்சியில் விமானம் ஏறினேன்.

முதல் நாள் விடிந்ததும் தம்பி தெருமுனைக் கடைக்குக் கூட்டிப் போனார். வட்ட மேசைகள், மர நாற்காலிகள், மேலே சுழலும் பழைய மின்விசிறி. இத்தகைய கடைக்குக் கோப்பித்தியாம் என்று பெயர். கோப்பி என்பது மலாய்ச் சொல்; தியாம் என்றால் சீனத்து ஹொக்கியான் பேச்சில் கடை. மலாய்க்காரர்கள் கடையைக் 'கெடாய்' என்கிறார்கள். அது நம் 'கடை'தான். நம் 'முதல்' அங்கே 'மோடால்'. 'கிடங்கு' என்பது 'குடாங்' ஆகிவிட்டது. கடல் கடந்து போன நம் முன்னோர் எதை விட்டுவிட்டு வந்தார்களோ, வியாபாரச் சொற்களை அங்கே விட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

காப்பி வந்தது. ஈப்போவின் 'வெள்ளைக் காப்பி' பெயர் பெற்றது. பால் அதிகம் என்பதால் வெள்ளை அல்ல. மற்ற ஊர்களில் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். இங்கே சர்க்கரை சேர்க்காமல் மார்ஜரின் மட்டும் விட்டு வறுப்பதால் நிறம் இளசாக இருக்கும். துணிப் பையில் வடித்து, டின் பால் ஊற்றித் தருகிறார்கள். சிக்கரி கலந்த நம் காப்பிக்குப் பழகிய நாக்குக்கு முதல் மடக்கு அந்நியமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் இரண்டாவது கோப்பை கேட்டேன்.

அரை வேக்காட்டு முட்டை இரண்டு. வெந்நீரில் மூடி வைத்துச் சில நிமிடத்தில் எடுத்துச் சாசரில் உடைத்து ஊற்றி, சோயா சாஸும் வெள்ளை மிளகுத் தூளும் தூவிக் கரண்டியால் குடிப்பதுபோல் சாப்பிட வேண்டும். மிளகு அந்நாட்டின் சரவாக் மாநிலத்தில் விளைவது. கூடவே, சுட்ட ரொட்டியில் வெண்ணெயும் 'காயா'வும் தடவித் தருகிறார்கள். முட்டை, தேங்காய்ப் பால், சர்க்கரை, ரம்பை இலை சேர்த்துக் கிளறிய களிம்பு அது. நம் பெண்கள் ஒரு முறை பார்த்தால் மறுநாளே செய்துவிடுவார்கள்.

மேசையில் வாழை இலைப் பொட்டலங்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. நாசி லெமாக். தேங்காய்ப் பாலில் வேக வைத்த சோறு, வறுத்த நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, பாதி முட்டை, மேலே வற்றல் மிளகாய் அரைத்த சம்பால். புரட்டாசி மாதம் இல்லை என்பதால் தைரியமாகப் பிரித்தேன். அரிசி, தேங்காய், கடலை, மிளகாய், புளி, கருவாடு என்று என் கடைச் சரக்கில் பாதி அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது.

பக்கத்து அடுப்பில் ஒரு தமிழ் இளைஞர் ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்தார். மதுரையில் பரோட்டா வீசுவதைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. ஆனால் மாவு மெல்லியதாக விரிகிறது. ஊற்றிக்கொள்ள சால்னா இல்லை, பருப்புக் குழம்பு. அதைத் தொட்டுக்கொண்டு காலை ஏழு மணிக்குச் சீனரும் மலாய்க்காரரும் நம்மவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மலேசியாவின் காலை உணவுப் பழக்கத்தைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், இழுத்து ஆற்றும் 'தே தாரிக்' தேநீர் மூன்றும் அதில் அடக்கம்.

இனிதான் நம் சங்க உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். பில் எங்கே என்று கேட்டேன். தம்பி சிரித்தார். "அண்ணே, தண்ணிக்கு முதலாளிகிட்ட, ரொட்டிக்கு அந்தத் தம்பிகிட்ட, மீக்கு அந்த அக்காகிட்ட. அவங்கவங்களுக்குத் தனித்தனிக் காசு." அந்தக் கூரையின் கீழே ஐந்து அடுப்பு. ஐந்தும் ஐந்து பேருடையது. கடை முதலாளிக்குக் காப்பி, தேநீர் மட்டும். மற்றவர்கள் இடத்துக்கு வாடகை தருகிறார்கள். நாசி லெமாக் பொட்டலத்துக்கு அடுப்புகூட இல்லை. ஒரு மலாய் அம்மையார் விடியலில் வைத்துவிட்டுப் போவார். பதினொரு மணிக்கு வந்து மிச்சத்தை எண்ணி, விற்றதற்குப் பணம் வாங்கிப் போவார். ஒருவர் விற்கும் பண்டத்தை இன்னொருவர் விற்கக் கூடாது என்பது அந்தக் கடையின் ஏற்பாடு.

எழுபது வயதைத் தாண்டிய அந்தச் சீன முதலாளியிடம் தம்பி மூலம் கேட்டேன்: "மீயையும் நீங்களே போட்டால் அந்த லாபமும் உங்களுக்குத்தானே?" "காலை மூன்று மணிக்கு யார் எழுந்திருப்பது?" என்றார். சரக்கை உங்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டாயம் உண்டா என்றும் கேட்டேன். கையை வீசி இல்லை என்றுவிட்டார்.

அவருக்கும் கவலை உண்டு. அங்கே 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1997-ல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள்; 2000 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு முழுவதும் போயிற்று. பினாங்கின் பழைய நகரில் தலைமுறையாக இருந்த குடிகளும் சிறு கடைகளும் காலி செய்து போக நேர்ந்தது. நம்மிடமும் 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரியிலிருந்து புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாடகைக் கடைக்காரர் இன்னும் நம்மில் எத்தனை பேர்!

இந்த எண்ணத்தோடுதான் ஊர் திரும்பினேன். அழகர்கோவில் தோசைக்குப் பெயர் போன ஊர். தோலோடு கறுப்பு உளுந்து, அரிசி, மிளகு, சீரகம் சேர்த்து நெய்யில் கனமாக எடுக்கும் பிரசாதம். அதை வாங்கிக்கொண்டு பக்தர்கள் காப்பித் தண்ணீருக்கு அலைகிறார்கள். கீழே நாங்கள் என்ன செய்கிறோம்? நான் கற்பூரம் வைத்தால் அடுத்த கடையும் கற்பூரம். அவர் குளிர்பானம் வைத்தால் நானும் குளிர்பானம். ஆளுக்கு ஐம்பது பைசா குறைத்துக் குறைத்து இருவரும் நஷ்டப்படுகிறோம்.

என் கடை வாசலை ஒட்டி ஒரு பெண்மணி தள்ளுவண்டியில் இட்லியும் பணியாரமும் விற்கிறார். வாசலை மறைக்கிறார் என்று இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன். ஒரு முறை வண்டியை நகர்த்தவும் வைத்தேன். அது சரியல்ல என்று இப்போது தோன்றுகிறது. திரும்பி வந்த வாரமே அவரைக் கூப்பிட்டு, தாழ்வாரத்தின் மேற்குப் பக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பலகாரம் அவருடையது, காப்பி என்னுடையது. விற்பனையில் பங்கு என்றேன். அவர் உடனே ஒப்பவில்லை.

"பங்குக் கணக்கெல்லாம் வேணாம்ணே. நாள் வாடகை சொல்லுங்க. உளுந்து உங்க கடையிலதான் வாங்கணும்னு சொன்னா எனக்குக் கட்டாது, கீழமாசி வீதியில கிலோவுக்குக் குறையுது."

சில்லறைக்காரன் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நானும் கீழமாசி வீதியில்தான் கொள்முதல் செய்கிறேன். நாள் வாடகைக்கே ஒத்துக்கொண்டேன். கட்டட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக் கூடாது என்பதால் அவரிடம் கடிதம் கேட்டேன். வாடகையைக் கொஞ்சம் ஏற்றித்தான் கையெழுத்துப் போட்டார். உணவுப் பாதுகாப்புப் பதிவை அவர் பெயரில் தனியாகவும் என் பெயரில் தனியாகவும் எடுத்தோம்.

இப்போது விடியற்காலை ஐந்தரைக்கு அவர் அடுப்பு மூட்டுகிறார். ஆறு மணிக்கு நான் பில்டரை இறக்குகிறேன். சர்க்கரையும் காப்பித் தூளும் என் கடை மூட்டையிலிருந்து போகின்றன. அதை மறக்காமல் தனி நோட்டில் எழுதிவைக்கிறேன். ஆடித் திருவிழாக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு பெஞ்சு வேண்டும் என்கிறார். தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.