பாதுகாப்புக் காலணி
பாதுகாப்புக் காலணி (பேச்சு வழக்கில் சேஃப்டி ஷூ) என்பது கனமான பொருள் விழுந்து கால்விரல்கள் நசுங்காமல் காக்கும் விறைப்பான தோல் காலணி ஆகும். திருவள்ளூர் மாவட்டத்தின் புதுவாயல், கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலுள்ள உருக்காலைகள் போன்ற தொழிலகங்களில் இது அணியப்படுகிறது. இந்தியத் தரமான ஐ.எஸ். 15298 (பகுதி 2) படி, இதன் முனைக்கவசம் 200 ஜூல் தாக்கத்தைத் தாங்க வேண்டும். இது 20 கிலோ எடை ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஈடாகும்.

தோல் நாளடைவில் காலுக்கேற்ப இளகும்; எஃகுக் கவசம் இளகாது. ஆகவே விரல் இடிக்கும் காலணி, பழகப் பழகச் சரியாகும் என்று கடைக்காரர் கூறினாலும் வாங்கத்தக்கதன்று. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், வேலைக்கு அணியும் காலுறையுடனேயே அளவு பார்ப்பது நன்று.

புதிய காலணியை முதலில் நாளுக்கு ஓரிரு மணி நேரம் அணிந்து பழக்க வேண்டும். முதல் நாளே முழு ஷிப்டுக்கும் அணிந்தால் குதிகாலைக் கடித்துக் கொப்புளம் உண்டாகும். வலி தாளாமல் பின்பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்புப் போல் அணிவோரும் உளர். அப்போது காலணி நழுவி, கவசம் விரல்களை விட்டு விலகிவிடக்கூடும்.