நான்கு மணி நேரக் கணக்கு: கிளை அஞ்சல் அதிகாரிகளின் ஊதியத்தை நிர்ணயிப்பது எது?

புது தில்லி: ஒரு நிறுவனத்தின் கிளைக்குப் பொறுப்பேற்றிருப்பவரின் ஊதியம், அவரது பதவி, அனுபவம், கிளையின் அளவு, அது அமைந்துள்ள ஊர் ஆகியவற்றைப் பொறுத்து அமைவது பொதுவான வழக்கம். ஆனால், நாட்டின் மூலை முடுக்குகளில் எல்லாம் கிளை வைத்திருக்கும் அஞ்சல் துறையில் வேறோர் அளவுகோல் நடைமுறையில் உள்ளது. கிராமத்துக் கிளை அஞ்சலகத்தின் பொறுப்பாளர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் பணியாற்றுவதாக அரசு கணக்கில் கொள்கிறதோ, அதுவே அவரது ஊதியத்தைத் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கு நான்கு மணி நேரம் அல்லது ஐந்து மணி நேரம். அதற்கு மேல் இல்லை.

நாட்டிலுள்ள 1.6 லட்சத்துக்கும் அதிகமான அஞ்சலகங்களில் பெரும்பாலானவை இத்தகைய கிளை அஞ்சலகங்களே. ஊர் மக்கள் "போஸ்ட் மாஸ்டர்' என்று மரியாதையுடன் அழைக்கும் கிளை அஞ்சல் அதிகாரியே இவற்றுக்குத் தலைவர். எனினும், அரசுப் பதிவேட்டில் அவர் அதிகாரி அல்லர். கிராம அஞ்சல் ஊழியர். மத்திய அரசு ஊழியரும் அல்லர். அவர் பெறுவதற்குச் சம்பளம் என்ற பெயர்கூட இல்லை. "நேரம் சார்ந்த தொடர்படி' என்ற பெயரிலேயே அது வழங்கப்படுகிறது.

எவ்வளவு கிடைக்கிறது?

2018-ம் ஆண்டு ஜூன் 6-ம் தேதி மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படியே இப்போதைய ஊதியம் வழங்கப்படுகிறது. அதற்கு முன்பு வெவ்வேறு பணி நேரங்களுக்கு ஏற்ப 11 ஊதிய நிலைகள் இருந்தன. அவற்றில் கிளை அஞ்சல் அதிகாரிக்கான மிகக் குறைந்த நிலை ரூ. 2,745-ல் தொடங்கியது. புதிய முறையில் அந்த 11 நிலைகளும் மூன்றாகச் சுருக்கப்பட்டன. நான்கு மணி நேரப் பணி கொண்ட கிளை அஞ்சல் அதிகாரிக்குத் தொடக்க ஊதியம் ரூ. 12,000, ஐந்து மணி நேரப் பணிக்கு ரூ. 14,500. உதவிக் கிளை அஞ்சல் அதிகாரி உள்ளிட்ட ஏனைய கிராம அஞ்சல் ஊழியர்களுக்கு இது முறையே ரூ. 10,000, ரூ. 12,000.

ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வு உண்டு. ரூ. 12,000-ல் தொடங்குபவர் அந்த நிலையின் உச்சமான ரூ. 29,380-ஐத் தொட ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். அடிப்படைத் தொகையுடன் மத்திய அரசு ஊழியர்களுக்கு வழங்கப்படும் அதே வீதத்தில் அகவிலைப்படியும் சேர்கிறது. 2025 ஜூலை முதல் கணக்கிடப்பட்ட 58 சதவீத வீதப்படி பார்த்தால், புதிதாகச் சேரும் நான்கு மணி நேர அதிகாரிக்கு ரூ. 18,960-ம், ஐந்து மணி நேர அதிகாரிக்கு ரூ. 22,910-ம் கிடைக்கும்.

வீட்டு வாடகைப்படி கிடையாது. மாறாக, அஞ்சலகம் நடத்துவதற்கான இடத்தைக் கிளை அஞ்சல் அதிகாரியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது விதி. பல கிராமங்களில் அவரது வீட்டுத் திண்ணையோ முன்னறையோதான் அஞ்சலகம். அலுவலகப் பராமரிப்பு, எழுதுபொருள், பணம் கொண்டு செல்லுதல், சைக்கிள் பராமரிப்பு ஆகியவற்றுக்குச் சிறு படிகள் வழங்கப்படுகின்றன. ஆற்றைக் கடந்து தபால் கொண்டு செல்ல வேண்டிய ஊர்களுக்குப் படகுப் படியும் உண்டு. உதவியாளர் இல்லாத கிளைகளில் தபால் பட்டுவாடாவையும் அதிகாரியே செய்தால் அதற்குக் கூட்டுப் பணிப் படி கிடைக்கும்.

மணிக்கணக்கே வழக்கு

வெளிப்பார்வைக்கு இந்த ஊதியம் மிகக் குறைவாகத் தோன்றினாலும், அரசின் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுவதற்கு இடம் உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின்படி, நாள் முழுவதும் பணியாற்றும் நிரந்தரத் தபால்காரரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 21,700. கடைநிலை ஊழியருக்கு ரூ. 18,000. நான்கு மணி நேரத்துக்கு ரூ. 12,000 என்றால், எட்டு மணி நேரத்துக்கு ரூ. 24,000 என்றாகிறது. மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் கிளை அஞ்சல் அதிகாரி தபால்காரரைவிடக் குறைவாகப் பெறவில்லை.

ஆகவே, உண்மையான பிரச்னை மணிக்கு இவ்வளவு என்ற வீதத்தில் இல்லை. மணியை எண்ணும் முறையில்தான் உள்ளது. நான்கு மணி நேரத்தில் அந்த வேலை முடிகிறதா என்பதே தொழிற்சங்கங்கள் எழுப்பும் கேள்வி.

கடிதமும் மணியார்டரும் மட்டுமே இருந்த காலத்தில் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தியிருக்கலாம். இப்போது கிளை அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு, தொடர் வைப்பு, 2015-ல் தொடங்கப்பட்ட பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம், 1995-ல் அறிமுகமான கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு ஆகிய அனைத்தும் நடைபெறுகின்றன. 2018 செப்டம்பரில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி தொடங்கப்பட்ட பிறகு, ஆதார் எண்ணையும் விரல் ரேகையையும் கொண்டு பிற வங்கிக் கணக்குகளில் உள்ள பணத்தை எடுத்துத் தரும் பணியும் சேர்ந்துகொண்டது. முதியோர் உதவித் தொகைக்காக நகரத்து வங்கிக்குப் பேருந்து ஏற முடியாதவர்கள் நாடுவது இந்தக் கிளைகளைத்தான்.

2017 டிசம்பரில் தொடங்கப்பட்ட "தர்பண்' திட்டத்தின்கீழ் கிளைகளுக்குக் கைக்கருவிகள் வழங்கப்பட்டன. பேரேடுகளில் எழுதும் வேலை குறைந்தது. ஆனால், செல்பேசி அலைவரிசை கிடைக்காத ஊர்களில் ஒரு பரிவர்த்தனை முடியக் காத்திருக்கும் நேரம் கூடியது. அந்தக் காத்திருப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மாலையில் அன்றைய வரவு செலவைத் துணை அஞ்சலகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கையிருப்பில் ஒரு ரூபாய் குறைந்தாலும் பொறுப்பு அதிகாரியுடையதே.

காப்பீட்டுப் பாலிசி, பேமெண்ட்ஸ் வங்கிச் சேவை ஆகியவற்றுக்குத் தனியே ஊக்கத்தொகை தரப்படுகிறது. இதனால், சுறுசுறுப்பான கிளைகளில் மாத வருவாய் கூடுகிறது என்பது உண்மையே. ஆனால், ஊக்கத்தொகையாக வழங்காமல் இந்த வேலைகளையும் பணிச்சுமையில் சேர்க்க வேண்டும் என்பது சங்கங்களின் கோரிக்கை. ஊக்கத்தொகை ஒரு முறை கிடைப்பது. பணிச்சுமையில் சேர்ந்தாலோ ஊதிய நிலையே உயரும்.

ஊரின் வருவாயே அளவுகோல்

ஒரு கிளை நான்கு மணி நேரத்துக்குரியதா, ஐந்து மணி நேரத்துக்குரியதா என்பதை எப்படி முடிவு செய்வது? முன்பு ஒவ்வொரு வேலைக்கும் புள்ளிகள் அளித்து, அவற்றைக் கூட்டிப் பணிச்சுமை கணக்கிடப்பட்டது. கிராம அஞ்சல் ஊழியர்களின் நிலையை ஆராய்ந்து 2016-ல் அறிக்கை அளித்த கமலேஷ் சந்திரா குழு, இந்தப் புள்ளி முறையைக் கைவிட்டு, கிளையின் வருவாயை அளவுகோலாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. சாதாரணப் பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட வருவாயில் 100 சதவீதத்தையும், சிறப்புப் பகுதிகளில் 50 சதவீதத்தையும் எட்டினால் மேல்நிலை ஊதியம் என்பது அதன் யோசனை.

கணக்குக்கு இது எளிது. ஆனால், கிளையின் வருவாய் அதிகாரியின் உழைப்பை மட்டும் பொறுத்ததல்ல. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் 14,500 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ள ஹிக்கிம் கிராமத்தில் 1983 முதல் அஞ்சலகம் இயங்கி வருகிறது. பனிக்காலத்தில் வழி அடைபடும் அந்த ஊரில் சேமிக்கவும் காப்பீடு செய்யவும் இருப்பவர்கள் சிலரே. செழிப்பான விவசாயப் பகுதியில் உள்ள கிளையோடு அதை ஒப்பிட முடியாது. வருவாய் குறைந்த ஊரில் தபாலைச் சுமந்து நடக்க வேண்டிய தொலைவு பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும்.

இதை அரசு அறியாமல் இல்லை. கிராமத்தில் புதிய கிளை திறக்கும்போது, அதன் செலவில் மூன்றில் ஒரு பங்கு வருவாய் கிடைத்தாலே போதும் என்பது துறையின் விதி. மலை, பழங்குடி, பாலைவனப் பகுதிகளில் 15 சதவீதம் போதும். அதாவது, கிளை அஞ்சலகம் நஷ்டத்தில்தான் இயங்கும் என்பதை ஏற்றுக்கொண்டே அது திறக்கப்படுகிறது. சேவைக்காகத் திறந்த கிளையை நடத்துபவரின் ஊதியத்தை வருவாயைக் கொண்டு அளப்பது பொருந்துமா என்ற கேள்வி இங்குதான் எழுகிறது.

"வேறு வருமானம் வேண்டும்'

இந்த முறை 19-ம் நூற்றாண்டில் உருவானது. கிராமத்துப் பள்ளி ஆசிரியர், கடைக்காரர், நிலக்கிழார் போன்றோரிடம், சிறு தொகை கொடுத்து, ஓய்வு நேரத்தில் அஞ்சலகத்தையும் கவனித்துக்கொள்ளுமாறு ஆங்கிலேய அரசு ஒப்படைத்தது. அதன் எச்சம் இன்றைய விதிகளிலும் தொடர்கிறது. பணியில் சேருபவர் தமக்கு வேறு வருமான வழி இருப்பதாக உறுதிமொழி அளிக்க வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் அவரிடம் வேலை வாங்கக் கூடாது. அவர் மத்திய அரசின் குடிமைப் பணிக்கு வெளியே உள்ளவர். அரசு ஊழியருக்குச் சமமான சலுகை கோர முடியாது.

இதற்கிடையே, 1977-ல் கேரளத்தைச் சேர்ந்த பி.கே. ராஜம்மா தொடர்பான வழக்கில், இந்த ஊழியர்கள் வகிப்பது அரசின்கீழ் உள்ள குடிமைப் பதவியே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறையான விசாரணையின்றி அவர்களைப் பணி நீக்கம் செய்ய முடியாது என்ற பாதுகாப்பு அதனால் கிடைத்தது. ஊதியச் சமத்துவம் கிடைக்கவில்லை. 2015-ல் அறிக்கை அளித்த ஏழாவது ஊதியக் குழுவும், குடிமைப் பதவி வகித்தாலும் அவர்கள் அரசு ஊழியர்களுக்கு இணையானவர்கள் அல்லர் என்ற அரசின் நிலைப்பாட்டை ஏற்று, பரிந்துரை எதுவும் செய்யாமல் விட்டுவிட்டது.

ஆசிரியரும் நிலக்கிழாரும் பார்த்த வேலைக்கு இன்று வருபவர்கள் வேறு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் தேர்வு நடைபெறுகிறது. 2024 ஜூலையில் 44,228 இடங்களுக்கும், 2025 பிப்ரவரியில் 21,413 இடங்களுக்கும் அறிவிப்பு வெளியானது. விண்ணப்பிப்போரில் பட்டதாரிகளும் உண்டு. அவர்களுக்கு இது உபதொழில் அல்ல. கிடைத்த ஒரே வேலை. வெளியூரிலிருந்து தேர்வாகும் இளைஞர், அஞ்சலகம் உள்ள கிராமத்திலேயே குடியேற வேண்டும். அறிமுகமில்லாத ஊரில் வாடகைக்கு வீடு பிடித்து, அதில் அஞ்சலகத்துக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும். அங்கே அவருக்கு "வேறு வருமானம்' எங்கிருந்து வரும் என்பதற்கு விதிகளில் விடை இல்லை.

பணிமூப்பு தரும் பயன்

பல ஆண்டுகள் பணியாற்றியவருக்கும் புதியவருக்கும் உள்ள இடைவெளி சிறியதே. அரசு ஊழியர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்காவிட்டாலும் 10, 20, 30 ஆண்டுகளில் அடுத்த ஊதிய நிலை கிடைத்துவிடும். கிராம அஞ்சல் ஊழியர்களுக்கு அத்தகைய ஏற்பாடு நீண்ட காலம் இல்லை. 2018 மே 22-ல் தொடங்கி இரண்டு வாரம் நீடித்த வேலைநிறுத்தத்தின்போதும், 2023 டிசம்பரில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின்போதும் இது முக்கியக் கோரிக்கையாக இருந்தது.

2024 மார்ச்சில் மத்திய அரசு இதற்கென ஒரு திட்டத்தை அறிவித்தது. 12 ஆண்டுகள் முடித்தவருக்கு ஆண்டுக்கு ரூ. 4,320, 24 ஆண்டுகளுக்கு ரூ. 5,520, 36 ஆண்டுகளுக்கு ரூ. 7,200 என்பது அத்திட்டம். 2.56 லட்சம் ஊழியர்கள் பயன்பெறுவர் என்று அறிவிக்கப்பட்டது. மாதக் கணக்கில் இது முறையே ரூ. 360, ரூ. 460, ரூ. 600 ஆகும். 65 வயது வரை பணியாற்றலாம் என்றாலும், அரசு ஊழியர்களுக்குரிய ஓய்வூதியம் இவர்களுக்கு இல்லை. 2011-ல் தொடங்கப்பட்ட தனிப் பணிநிறைவுப் பயன் திட்டம் மட்டுமே உள்ளது.

முன்னேற விரும்புவோருக்கு ஒரு வழி உண்டு. பணிமூப்பு அல்லது துறைத் தேர்வு மூலம் தபால்காரராகவோ கடைநிலை ஊழியராகவோ நிரந்தரப் பணியில் சேரலாம். ஓர் அலுவலகத்துக்குத் தலைவராக இருந்து, ஊர்ப் பணத்துக்கெல்லாம் பொறுப்பேற்றவர், கடைநிலை ஊழியராவதையே முன்னேற்றமாகக் கருதித் தேர்வு எழுதுகிறார் என்பது இந்த ஊதிய முறையின் நிலையை உணர்த்தப் போதுமானது.

அடுத்தது என்ன?

எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கிராம அஞ்சல் ஊழியர்களின் ஊதியம் வழக்கமாக ஊதியக் குழுவில் அல்லாமல், தனிக் குழு ஒன்றால் பின்னர் ஆராயப்படுகிறது. தல்வார் குழு, நடராஜமூர்த்தி குழு, கமலேஷ் சந்திரா குழு என்று அந்த வரிசை நீள்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகள் அரசு ஊழியர்களுக்கு 2016-ல் நடைமுறைக்கு வந்தபோது, கிளை அஞ்சல் அதிகாரிகள் புதிய ஊதியத்துக்கு 2018 வரை காத்திருக்க நேர்ந்தது.

இம்முறை தனிக் குழு அமைக்கப்பட்டாலும் சரி, ஊதியக் குழுவே இவர்களையும் கருத்தில் கொண்டாலும் சரி, அடிப்படைத் தொகையை உயர்த்துவதோடு பணி முடிந்துவிடாது. கிளை அஞ்சலகத்தின் வேலை உண்மையில் எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்பதை நேரில் அளந்து பார்க்க வேண்டும். நான்கு மணி நேரம்தான் என்றால், அதற்கு மேல் இலக்குகளைச் சுமத்தக் கூடாது. எட்டு மணி நேரம் என்றால், அதற்குரிய ஊதியம் வழங்க வேண்டும். வங்கி செல்லாத கிராமங்களில் அரசின் பணத்தையும் மக்களின் சேமிப்பையும் நம்பி ஒப்படைத்திருப்பவரைப் பகுதி நேர ஊழியர் என்று எத்தனை காலம் அழைப்பது என்பதே அரசு விடை சொல்ல வேண்டிய கேள்வி.