உங்களுக்குத் தெரியுமா? பொருளின் பெயர் வரும், செயலின் பெயர் சிக்கும்!

● காது நன்றாகக் கேட்டும், அறிவில் குறையில்லாமலும், மொழி மட்டும் வசப்படாமல் தடுமாறும் குழந்தைகள் உண்டு. இது வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு. 2016-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், பள்ளியில் சேரும் வயதினரில் 7 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் இது காணப்பட்டது.

● பொருளைவிடச் செயலைப் பெயர் சொல்வது எல்லாக் குழந்தைகளுக்குமே சற்றுக் கடினம். இக்குறைபாடு உள்ள குழந்தைகளுக்கோ நேரமும் கூடுதலாகும், பிழையும் கூடும்.

● காரணம்? ஆப்பிள் கண்ணெதிரே இருக்கும். செயலோ நொடியில் முடிந்துவிடும். யார், எதை, எப்படிச் செய்கிறார் என்பதையெல்லாம் ஒரே வினைச்சொல் சுமக்கிறது.

● சொல் தெரிந்திருந்தும் நாவில் வராமல் போகலாம். ‘உரிக்கிற படம் எது?’ என்றால் சரியாகத் தொட்டுக் காட்டும் குழந்தை, ‘அக்கா என்ன செய்கிறாள்?’ என்று கேட்டால் ‘வெட்டுறா’ என்றோ, ‘பழம் பண்றா’ என்றோ சொல்லக்கூடும்.

● எங்கும் பொருந்தும் சில பொதுவான வினைகளையே இக்குழந்தைகள் பெரிதும் நம்பியிருப்பதை, ஆங்கிலம் பேசும் சிறார்களிடம் ரைஸ், போட் என்ற ஆய்வாளர்கள் 1993-இல் எடுத்துக்காட்டினர்.

பெற்றோர் செய்யக்கூடியது: திருத்திக் கண்டிக்க வேண்டாம். ‘ஆமாம், அக்கா பழத்தை உரிக்கிறா’ என்று சரியான சொல்லை வாக்கியத்தில் வைத்துத் திருப்பிச் சொல்லுங்கள். வெங்காயம், வேர்க்கடலை, வாழைப்பழம் என ஒவ்வொன்றையும் உரிக்கும்போது அதே சொல்லைக் கேட்கச் செய்யுங்கள். தடுமாற்றம் நீடித்தால், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திராமல் பேச்சு, மொழிப் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்லுங்கள்.